கைப்பையில் ஒரு சம்மதம்

கண்டிக்குப் போய்வருகிறவர்கள் தேயிலையும் கறுவாப் பட்டையும் வாங்கி வருவார்கள். நான் போகும்போதே ஒன்றைக் கொண்டுபோனேன். என் தோழி யோகராணி தன் சொந்தக் காணியை விற்கலாம் என்று சம்மதித்து அவளுடைய கணவர் எழுதிக் கொடுத்த பத்திரம். முத்திரை, சாட்சி, அலுவலகச் சீல் எல்லாம் முறையாக இருந்தன. வங்கியில் அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவள் நான். இதில் குறை வைப்பேனா?

யோகராணி யாழ்ப்பாணத்தில் கோப்பாய்க்காரி. திருச்சியில் கல்லூரி விடுதியில் எனக்கு அறைத்தோழி. படிப்பு முடிந்து ஊருக்குப் போனவள், சண்டை மும்முரமான காலத்தில் கண்டியில் ஆசிரியை வேலை கிடைத்து வந்து, அங்கேயே தங்கிவிட்டாள். கணவர் சிவநாதன் வியாபாரம் என்று சென்னைக்கு வந்தார். வந்தவர் திரும்பவே இல்லை. முதலில் வாரம் ஒரு தொலைபேசி, பிறகு தீபாவளிக்கு ஒன்று, பிறகு அதுவும் நின்றது. விவாகரத்து என்று இருவரும் எந்த வாசற்படியும் ஏறவில்லை.

இந்த வருடம் யோகம், யோகராணியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னாள். கண்டியை ஒட்டிய அம்பிட்டியவில் அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டையே வீட்டுக்காரி விற்கப்போகிறாள். அதை வாங்கக் கோப்பாயில் அம்மா சீதனமாகக் கொடுத்த காணியை விற்க வேண்டும். காணி அவள் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தவர்களுக்குத் தேசவழமை என்று ஒரு பழைய சட்டம் உண்டாம். அதன்படி கல்யாணமான பெண் தன் நிலத்தை வைத்திருக்கலாம்; விற்பதானால் கணவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். "அதுக்குத்தான் கோட்டுக்குப் போறன்" என்றாள். வழக்கு அன்று துணைக்கு வரமுடியுமா என்றும் கேட்டாள்.

நான் இருப்பது சென்னை. சிவநாதன் இருப்பதும் சென்னை. இரண்டு பஸ் மாறினால் அவர் வீடு. இதற்குப் போய் எதற்குக் கோர்ட், வழக்கு என்று தோன்றிவிட்டது எனக்கு. யோகத்திடம் சொல்லாமல் போய் நின்றேன். மனிதர் காபி கொடுத்து உட்கார வைத்தார். "நான் ஏன் அவளுக்குக் குறுக்க நிக்கப்போறன்?" என்றார். மறுவாரமே எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். விமானத்தில் என் மடியிலிருந்து கைப்பையை இறக்கவே இல்லை. அவ்வளவு பெருமை.

முதல் நாள் முழுவதும் பயணத்திலேயே போனது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஏறிய பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் ஒரு பலாப்பழம் பயணம் செய்தது. அதற்கும் டிக்கெட் எடுத்திருந்தார்கள் என்பதால் நான் ஒன்றும் பேச முடியவில்லை. கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ் மூச்சு வாங்கியபோது அது என்மேல் சாய்ந்தது. நடத்துநர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. "பழத்துக்கு உங்களைப் பிடித்துவிட்டதாம்" என்று முன் இருக்கைப் பெண் திரும்பித் தமிழில் சொன்னாள். கண்டியில் இறங்கும்போது மழை. என் குடை பஸ்ஸிலேயே பலாப்பழத்துக்குத் துணையாகப் போய்விட்டது.

அம்பிட்டியவில் வீடுகள் எல்லாம் மலையில் படிபோல ஏறி நிற்கின்றன. யோகத்தின் வீடு ஒரு வளைவில். குசினி என்று அவள் சொல்லும் சமையலறையில் நின்றால் கீழே ஊர் முழுவதும் தெரியும். ஓய்வூதியத்தில் ஒரு கட்டில், ஒரு அலுமாரி, நாலு நாற்காலி, ஏகப்பட்ட பூந்தொட்டிகள். முப்பது வருடத்துக்கு மேலாக வாடகை வீடுகளில் இருந்தவள் இந்த வீட்டில்தான் முதன்முறையாகச் சுவரில் ஆணி அடித்தாளாம். வீட்டுக்காரி குமாரி பக்கத்து வீட்டிலேயே இருக்கிறாள். வீட்டை வாங்க வேறொரு ஆள் தயாராக இருக்கிறான், யோகத்துக்காகத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இரவு பிட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் மந்திரவாதி மாதிரி பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் கைகழுவிவிட்டு வந்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நின்றபடியே படித்தாள். ஒரு ஆசிரியை பரீட்சைத் தாளைப் படிப்பதுபோல் முழுவதும் படித்தாள்.

"இதை நான் உன்னட்டைக் கேட்டனானோ?"

"கேட்கலைதான். ஆனா..."

"நீ நல்லதுக்குத்தான் செய்தனி. எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு, "பால்கறி இன்னும் கிடக்கு, கொஞ்சம் போட்டுக்கொள்" என்றாள். எனக்குப் போட்டுக்கொள்ள மனமில்லை.

மறுநாள் வழக்கறிஞரைப் பார்க்கக் கடைவீதிக்கு இறங்கினோம். ரிஸ்னா, யோகத்தின் பழைய மாணவி. ஒரு துணிக்கடைக்கு மேலே அலுவலகம். படியெல்லாம் அத்தர் வாசனை. நாங்கள் போனபோது மதிய நேரம். மேசையில் சட்டப் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு உம்மா, அவள் அம்மா, கொடுத்தனுப்பிய வட்டிலப்பத்தைத் திறந்தாள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் முட்டையும் சேர்ந்த அந்தப் பண்டத்தைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை எழுதலாம். இரண்டாவது கரண்டி வாயில் இருக்கும்போது யோகம் பத்திரத்தை நீட்டினாள்.

ரிஸ்னா படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அல்லாஹ்வே! இத யாரு கொணந்த?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

விஷயம் இதுதான். கணவன் விட்டுவிட்டுப் போயிருந்தால், அல்லது சம்மதிக்க மறுத்தால், அவனுக்குப் பதிலாக நீதிபதியே சம்மதம் தரலாம். அதைக் கேட்டுத்தான் மனு போட்டிருந்தார்கள். இப்போது கணவனே சம்மதித்துவிட்டான். "அப்ப ஜட்ஜ் என்னத்துக்கு எண்டு கேட்டா நான் என்ன செல்ற? மனு விழுந்துரும், டீச்சர்."

"கிழித்துப் போட்டுவிட்டால்?" என்றேன். வங்கிக்காரி வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்ததில் எனக்கே அதிர்ச்சி.

"கிழிச்சாலும் அவரு குடுத்தது குடுத்ததுதான், ஆன்ட்டி. எனக்குத் தெரிஞ்சிட்டு. கோட்டுல நான் பொய் செல்ல மாட்டேன்."

"பேசாம இதையே குடுத்து காணியை வித்துடு, யோகம்" என்றேன். "மனுஷன் மனசார எழுதித் தந்திருக்கார்."

"அவர் நல்ல மாதிரி எண்டபடியால் தந்தார். கூடாத மனுசனா இருந்தா?" என்றாள். குரல் உயரவில்லை. "அம்மா எனக்குத் தந்த காணி. அவர் அதில ஒரு புல்லுப் பிடுங்கினதில்லை. அவற்ற சம்மதத்தோட விக்கிறன் எண்டு காணி உறுதிப் பத்திரத்தில எழுதினா, அது நான் சாகும்வரைக்கும் அப்பிடியே கிடக்கும். ஆயிரம் பிள்ளைகளின்ர தேர்ச்சி அறிக்கையில கையெழுத்து வச்சிருக்கிறன், பிள்ளை. என்ர காணிக்கு என்ர கையெழுத்துப் போதாதோ?"

ரிஸ்னா சிரித்தாள். நாட்டின் அரசியல் சாசனத்தில் எல்லோரும் சமம், ஆண் பெண் வித்தியாசம் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறதாம். "கொஞ்சம் தள்ளி இன்னொண்டு ஈக்கு. பழைய சட்டம் எதுவும் இதோட முட்டினாலும் அதும் செல்லுபடியாகும் எண்டு. முன்வாசல்ல கூப்பிட்டு உக்கார வெச்சிட்டு, பின்வாசலால அனுப்புற மாதிரி" என்றாள். அவளுக்கும் அதே கதை. நாளைக்கே அவள் உயர் நீதிமன்ற நீதிபதியாகலாம். தன் சமூகத்தின் கல்யாண வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றத்தில் மட்டும் பெண் காதியாக முடியாது. "எங்கட உம்மா குமர்ப்புள்ளயா ஈந்த காலத்துலேந்து கமிட்டி போடுறாங்க. நான் மனு எழுதுறேன், ஊர்வலம் போறேன், அறிக்கை வருது. அடுத்த கமிட்டியும் வருது. வட்டிலப்பம் சாப்பிடுங்க ஆன்ட்டி, அதுக்கு யாரும் கமிட்டி போடல்ல."

எங்கள் ஊர்ப் பெருமையைப் பேசலாம் என்று வாயெடுத்தேன். இந்தியாவில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு, சட்டம் வந்து எத்தனையோ காலமாயிற்று. பிறகு எங்கள் வீட்டில் நடந்தது ஞாபகம் வந்தது. சட்டம் பங்கு கொடுத்த மறுமாதமே சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்காவும் நானும் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டோம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கேட்கவும் இல்லை. இதைச் சொன்னதும் யோகம், "என்ன நிறப் புடவை?" என்று கேட்டாள். பச்சை என்றேன். மூன்று பேரும் சிரித்தோம், கொஞ்சம் கூடவே சிரித்தோம் என்று நினைக்கிறேன்.

ஆனால் ரிஸ்னாவிடம் இன்னொரு வழி இருந்தது. தேசவழமை யாழ்ப்பாணத்தை நிரந்தர ஊராகக் கொண்டவர்களை மட்டுந்தான் கட்டும். கணவர் சென்னையிலேயே தங்கிவிட்டார். யோகமும் கண்டியிலேயே தங்கிவிட்டாள். இனி ஊருக்குத் திரும்பும் எண்ணம் தனக்கு இல்லை, தன் நிரந்தர ஊர் கண்டிதான் என்று அவள் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தால், அந்தச் சட்டம் அவளைக் கட்டாது என்று வாதாடலாம். அப்புறம் கணவன் சம்மதமும் வேண்டாம், நீதிபதி சம்மதமும் வேண்டாம். அதற்கேற்ப மனுவைத் திருத்திக்கொள்ளலாம்.

"ஒரு வசனந்தான், டீச்சர்."

யோகம் பத்திரத்தை மடித்து என் கையில் திருப்பித் தந்தாள். படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் வலி என்று நினைத்தேன்.

அடுத்த நாள் ஞாயிறு. வீட்டில் இருந்தால் யோசனை பிடித்துத் தின்னும் என்று தெல்தோட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினோம். தேயிலை மலைகளைப் பார்ப்பதாகத் திட்டம். பாதி வழியில் ஒரு சக்கரத்தில் காற்றுப் போய்விட்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்து, சக்கரத்தை ஒரு உதை உதைத்துவிட்டு, வீதியோரத் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்துவிட்டார். பயணிகளும் அவர் பின்னால் போனார்கள். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் பாதிப்பேர் ஓட்டுநரிடம் சண்டைக்கு நின்றிருப்பார்கள்.

பால் இல்லாத தேநீர், பிளேன்டீ என்கிறார்கள். சீனியைக் கலக்காமல் கித்துள் என்னும் மரத்தின் பாளையில் செய்த ஒரு துண்டு கருப்பட்டியைக் கையில் தந்தாள் கடைக்காரப் பெண். "கடிச்சுக்கிட்டே குடிங்கம்மா, அப்பத்தான் ருசி" என்றாள். மலையகத்துத் தமிழ் என் காதுக்கு மதுரைப் பக்கத்துத் தமிழ்போல இதமாக இருந்தது. எதிரே மலை முழுவதும் பச்சை. ஞாயிறு என்பதால் கொழுந்து பறிக்க ஆள் இல்லை.

"ஒரு வரிதானே, யோகம். உண்மையும் அதுதானே. எத்தனை வருஷமா இங்கே இருக்கே" என்று மெதுவாகக் கேட்டேன்.

கருப்பட்டியைக் கடித்தபடி யோசித்தாள். "நான் வெளிக்கிட்ட நேரம் ஒரு உடுப்புப் பையோட வெளிக்கிட்டனான். ரண்டு மாசத்தில வாறன் எண்டு அம்மாட்டைச் சொல்லிப்போட்டு வந்தனான். பிறகு சண்டையால பாதையைப் பூட்டிப்போட்டினம். அம்மா செத்ததுக்கும் போக ஏலேல்லை. பாதை திறந்தாப் பிறகு போனா, வீட்டில சுவர் மட்டும் நிக்குது. ஆனா ஒருநாளும் நான் அங்கையிருந்து வந்துட்டன் எண்டு நினைச்சதில்லை. இஞ்ச நிக்கிறன் எண்டுதான் நினைச்சனான்."

என் கருப்பட்டியில் பாதியை ஒடித்து அவளுக்குக் கொடுத்தேன்.

"அவற்ற பெண்சாதியா இருந்தா விக்கலாம். இல்லாட்டி கோப்பாய்க்காரி இல்லை எண்டு சத்தியம் பண்ணினா விக்கலாம். நான் நானா இருந்துகொண்டு விக்க ஒரு வழியில்லையே, மாலா?"

என் தோழிக்காக எனக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது. சிவநாதன்மேல் அல்ல, அந்த நல்ல மனிதர்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? என் கைப்பைமேல் கோபம். அதற்குள் அந்தப் பத்திரம் மடிப்புக் கலையாமல் இருந்தது. சக்கரம் மாற்றியாயிற்று என்று ஓட்டுநர் கூப்பிட்டார். தெல்தோட்டை வரை போகாமல் எதிரே வந்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம்.

மாலையில் குமாரி ஒரு சட்டியில் பொலஸ் கறி கொண்டுவந்தாள். பிஞ்சுப் பலாக்காயை இறைச்சிபோல் நெடுநேரம் வேகவைத்துச் செய்வது. பலாவுடன் எனக்கிருந்த பகை அன்றோடு தீர்ந்தது. அவளும் யோகமும் சிங்களத்தில் பேசிக்கொண்டே இருந்தார்கள். பிறகு யோகம் எனக்குச் சொன்னாள். குமாரி கேட்டாளாம், 'ஏன் கணவன் தந்ததை வாங்கிக்கொள்ளவில்லை?' என்று. யோகம் காரணத்தைச் சொன்னதும், குமாரி தன் கதையைச் சொல்லியிருக்கிறாள். கண்டிச் சிங்களவருக்கும் ஒரு தனிச் சட்டம். கல்யாணமாகிக் கணவன் வீட்டுக்குப் போன மகளுக்கு அப்பாவின் வயலில் பங்கு கிடையாதாம். அவள் அண்ணன்மார் மூன்று பேரும் அதைப் பிரித்துக்கொண்டார்களாம். 'புது நெல்லில் ஒரு மூட்டை அனுப்புவார்கள். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வேன்' என்றாளாம்.

போகும்போது குமாரி வாசலில் நின்று ஏதோ சொன்னாள். "கோட்டு முடியுமட்டும் மற்ற ஆளுக்குப் பதில் சொல்ல மாட்டாவாம்" என்றாள் யோகம். அவள் கண் கலங்கியிருந்தது. பொலஸ் கறியில் மிளகு அதிகம் என்று இருவரும் சொல்லிக்கொண்டோம்.

வழக்கு நாள் காலையில் யோகம் வெள்ளைச் சேலை கட்டினாள், பள்ளிக்கூடத்துக்குக் கட்டுவதுபோல் பின் குத்தி. நீதிமன்றத்தில் எங்கள் ஊரைப் போலவே கறுப்புக் கோட்டுகளும் காத்திருக்கும் முகங்களும். எங்கள் பெயரைக் கூப்பிட நேரமாயிற்று. நீதிபதி ஒரு பெண், என்னைவிட வயதில் குறைந்தவர். யோகத்துக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் தமிழில்தான் சாட்சி சொல்வேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். அதனால் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

ரிஸ்னா எதையும் மறைக்கவில்லை. கணவரின் சம்மதம் கிடைத்திருக்கிறது, ஆனால் மனுதாரர் அதன்மேல் நிற்க விரும்பவில்லை என்று சொல்லி, தேசவழமை அவரைக் கட்டாது என்று திருத்திய மனுவைக் கொடுத்தாள். நீதிபதி நிமிர்ந்து யோகத்தைப் பார்த்தார். சம்மதம் இருக்கும்போது ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று கேட்டார். அதை மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் யோகம் பதில் சொல்லிவிட்டாள்.

"காணி என்ர."

நீதிபதி குனிந்து எழுதினார். எழுதி முடித்து, தலையைத் தூக்காமலே அடுத்த கேள்வியைக் கேட்டார். "உங்கள் நிரந்தர ஊர் எது?" என்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

பின்வரிசையில் இருந்து எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. சொல்லமாட்டாள் என்றே நினைத்தேன். சொல்லாமல் இறங்கி வந்துவிடு, பத்திரத்தைக் கொடுத்துவிடுவோம் என்று மனதுக்குள் அவளைக் கெஞ்சினேன்.

"கண்டி."

"யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போய் இருக்கும் எண்ணம் உண்டா?"

அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கும் கேட்கவில்லைபோல. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, அம்மா" என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். வகுப்பில் கடைசி பெஞ்சுவரை குரல் எட்டிய ஆசிரியை கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது முறை சொன்னாள்.

"இல்லை."

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். தீர்ப்புக்கு இன்னொரு தேதி கொடுத்தார்கள். வெளியே வந்ததும் ரிஸ்னா யோகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமில்ல, டீச்சர். அவங்க எழுதின விதத்தப் பாத்தாலே தெரியுது. வீடு உங்கடதான்." யோகம் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். எனக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பசிக்கிறது என்றேன், உண்மையிலேயே பசித்தது. கடையில் மாலுபாண் வாங்கித் தந்தாள். மீன் வைத்த முக்கோணப் பன். வீதியில் நின்றே தின்றோம்.

அம்பிட்டியவுக்கு ஓட்டோ பிடித்தோம். ஓட்டுநர் நடுத்தர வயதுக்காரர், பன்வில பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவராம். என்னிடம் சென்னையில் வெயில் எப்படி என்றெல்லாம் விசாரித்தார். யோகம் வழி சொன்னபோது அவள் பேச்சைக் கவனித்திருக்கிறார்.

"அம்மா யாழ்ப்பாணமுங்களா? எந்தப் பக்கம்?"

ஓட்டோ ஏற்றத்தில் உறுமிக்கொண்டு ஏறியது. யோகம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்டி" என்றாள்.

அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "இல்லங்கம்மா, நான் சொந்த ஊரக் கேட்டேன்."

"அதைத்தான் தம்பி நானும் சொல்லுறன். கண்டி எண்டு."

ஒவ்வொரு சொல்லிலும் கோப்பாய் இருந்தது. அவர் இன்னொரு முறை கண்ணாடியில் பார்த்தார்.